குடியிருக்க ஒரு நினைவுச் சின்னம்

குழந்தைகளே, உங்கள் வீட்டு வாசலில் எத்தனை படிகள்? எண்ணிப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஓடி ஏறுகிற கால்களுக்கு அந்தக் கணக்கு எதற்கு?

என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். போலியோவால் கால் பாதிக்கப்பட்டவன். கேட்டால் உடனே சொல்வான், "மூணு படி சார்!" தினமும் அவனை நண்பர்கள் தூக்கிவிடுவார்கள். அங்கே ஒரு சாய்தளம் போடலாமே என்று ஆசிரியர்களான எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

முதல் உலகப் போர் 1914 முதல் 1918 வரை நடந்தது அல்லவா? அதில் பிரிட்டன் வீரர்களில் 40 ஆயிரத்துக்கும் அதிகமானோர் கையையோ காலையோ இழந்து ஊர் திரும்பினார்கள். அவர்களை வரவேற்று மாலை போட்டாயிற்று. பிறகு? ஒற்றைக் காலோடு மாடிப்படி ஏற வேண்டும். மனைவி, பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும். வீட்டு வாடகையும் கொடுக்க வேண்டும்.

இதைப் பற்றி யோசித்தவர்களில் ஒருவர் தாமஸ் மாசன். தோட்டங்களை வடிவமைப்பதில் பெயர் பெற்றவர். நெதர்லாந்தின் ஹேக் நகரில் அமைதி மாளிகை இருக்கிறதே, அதன் தோட்டம் இவர் வடிவமைத்ததுதான். அமைதிக்குத் தோட்டம் போட்டவரின் மகனையே போர் பறித்துக்கொண்டது. 1915-ல் பெல்ஜியப் போர்முனையில் அவன் இறந்துபோனான். 1917-ல் மாசன் ஒரு புத்தகம் எழுதினார். ஊனமுற்ற வீரர்களுக்குப் பணம் மட்டும் போதாது, அவர்கள் வேலை செய்து குடும்பத்தோடு வாழத் தனிக் கிராமங்களே அமைக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

போர் முடிந்ததும் இங்கிலாந்தில் ஊர்தோறும் நினைவுத் தூண்கள் எழுந்தன. லங்காஸ்டர் நகரத்திலோ ஒரு கிராமமே நினைவுச் சின்னமாக எழுந்தது. ஹெர்பர்ட் ஸ்டோரி என்ற தொழிலதிபர் நிலத்தை இலவசமாகத் தந்தார். மாசன் வரைபடம் போட்டார். 1924-ல் தளபதி ஹெய்க் திறந்துவைத்தார். வெஸ்ட்ஃபீல்டு போர் நினைவுக் கிராமம் என்பது அதன் பெயர்.

படி ஏற முடியாதவர்களுக்கென்று மாடியே இல்லாத வீடுகள் கட்டினார்கள். வீடுகளுக்குத் தோட்டமும் உண்டு. தோட்டக்காரர் போட்ட திட்டமாயிற்றே!

வாடகை குறைவு. எப்படிக் கட்டுப்படியானது என்கிறீர்களா? வீடு கட்டுபவர் நிலத்துக்கும் செங்கல்லுக்கும் போட்ட பணத்தை வாடகையில்தானே திரும்ப எடுப்பார்? இங்கே நிலம் தானம். பல வீடுகளுக்கான செலவையும் நன்கொடையாளர்களே ஏற்றார்கள். திரும்ப எடுக்க வேண்டிய கடன் பெரிதாக இல்லை. வீடுகளுக்கு எண்ணோடு பெயரும் உண்டு. சிலவற்றுக்குக் கொடுத்தவர் பெயர், சிலவற்றுக்குப் போர்க்களத்தின் பெயர்.

கிராமத்தின் நடுவே ஒரு சிலை நிற்கிறது. வாளை உயர்த்திய வீரன் அல்ல. காயம்பட்ட தோழனை இன்னொரு வீரன் தாங்கிப் பிடித்திருக்கிறான். செய்தவர் ஜென்னி டெலஹன்ட் என்ற ஓவிய ஆசிரியை. (ஆசிரியை என்றதும் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்!)

பிறகு நடந்த போர்களிலிருந்து திரும்பிய வீரர்களும் இங்கே குடியேறினார்கள். நூறு ஆண்டு தாண்டியும் அந்த வீடுகளில் குடும்பங்கள் வாழ்கின்றன.