படித்தது ஏன் நிற்பதில்லை?

புதுச்சேரியில் 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகத்தில் உட்கார்ந்து வரலாற்றுப் பாடம் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் முறை புரட்டும்போது வரிகள் சரளமாக ஓடும். பழகிய முகம் போலத் தெரிவதை 'தெரிந்துவிட்டது' என்று மூளை எடுத்துக்கொள்கிறது. சிக்கலே இதுதான்.

2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை இரண்டு முறை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 42 சதவீதம். ஒருமுறை படித்து, பிறகு பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. நினைவிலிருந்து ஒன்றைத் தேடி எடுக்கும் முயற்சியே அந்த நினைவை உறுதியாக்குகிறது. மார்க்கரால் மஞ்சள் தீட்டும்போது அந்தத் தேடல் நடப்பதில்லை. பிள்ளைகளின் உழைப்பு இப்படி வீணாவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

எப்படிப் படிப்பது? அந்த வரலாற்றுப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். துப்ளே புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னராக இருந்தபோது, 1746இல், பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தது. 1748 ஒப்பந்தத்தில் பிரான்ஸ் அதைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. இங்கே புத்தகத்தை மூடுங்கள். நடந்ததைச் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். பிறகு கேளுங்கள்: பிடித்த ஊரை ஏன் விட்டார்கள்? வட அமெரிக்காவில் ஆங்கிலேயரிடம் இழந்த லூயிபூர் கோட்டை அதற்கு ஈடாகக் கிடைத்தது. காரணம் தெரிந்ததும் இரண்டு ஆண்டுகளும் ஒரே கதையில் கோத்துக்கொள்கின்றன. இரண்டு நாள் விட்டு, பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். விட்டுப்போனதை மட்டும் திருப்பிப் படித்தால் போதும்.