கலசம் இடிதாங்கி ஆகுமா? செஞ்சி மலையும் கோடை இடியும்

பிற்பகல் மூன்று மணி இருக்கும். செஞ்சி மலைக்கோட்டையின் ராஜகிரிப் படிகளில் அதுவரை வீசிய காற்று சட்டென்று நின்றுவிடும். கால் வைத்தால் பாறை இன்னும் சுடும். மேற்கே திருவண்ணாமலைப் பக்கம் வானம் மையாகத் திரண்டு நிற்கும். முதல் உறுமல் கேட்டதும் பெரியவர்கள் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்பார்கள்; இளசுகள் செல்போனைத் தூக்குவார்கள். உடனே கீழே இறங்க வேண்டிய அந்த நேரத்தில், "உச்சியில ரங்கநாதர் கோயில் இருக்கு, அங்க ஒதுங்கிக்கலாம்" என்று மேலே ஏறுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

இடிமேகம் பத்துக் கிலோமீட்டருக்கு மேலும் உயர்ந்து நிற்கக்கூடியது. அதற்குள்ளே பனித்துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் ஓயாமல் உரசிக்கொள்கின்றன. அந்த உரசலில் மேகத்தின் அடிப்பகுதியில் எதிர்மின்னூட்டம் சேர்ந்துகொண்டே போகும். தாங்க முடியாத அளவு வந்ததும் அது கிளைகிளையாகக் கீழே வழி தேடும். அப்போது தரையில் உயர்ந்து நிற்கும் மரம், கோபுரம், மலை உச்சி, சில நேரம் நிற்கும் மனிதரிடமிருந்தும் மின்னிழைகள் மேலெழும். மேலிருந்து வருவதும் கீழிருந்து எழுவதும் தொட்டுக்கொண்ட நொடியில் மின்னல் பாயும். அதன் பாதையில் வெப்பம் சுமார் 30,000 டிகிரி. சுற்றியுள்ள காற்று வெடித்து விரிவதைத்தான் இடி என்கிறோம். சமவெளிக்கு நடுவே சுமார் 800 அடி எழுந்து நிற்கும் ராஜகிரிக்கு வேறு போட்டியே இல்லை.

செஞ்சியில் இன்னொரு சிக்கல், பாறை. கருங்கல் மின்சாரத்தை எளிதில் உள்ளே விடாது. அதனால் உச்சியில் விழுந்த மின்னல், மழையில் நனைந்த பாறையின் மேற்பரப்பிலேயே பரவி ஓடும். உருண்டைப் பாறைகளின் இடுக்கு பத்திரமான இடமாகத் தெரியும். ஆனால் ஓடிவரும் மின்சாரம் அந்த இடைவெளியைத் தாவிக் கடக்கும்போது நடுவில் இருப்பவர் உடல்தான் அதற்குப் பாலம். சுவரில்லாத கல் மண்டபத்தில் தூணில் சாய்ந்து நிற்பதும் ஆபத்துதான்.

ஜெய்ப்பூர் அருகே ஆமேர் கோட்டையில் நடந்ததை மறக்கக் கூடாது. 2021 ஜூலை 11 அன்று, மழையை ரசித்துப் படம் எடுக்கக் காவல் கோபுரத்தில் ஏறியவர்கள் மீது மின்னல் விழுந்தது. குறைந்தது 11 பேர் இறந்தார்கள். அதுவும் மலைக்கோட்டைதான். 2022இல் மட்டும் நாடு முழுவதும் மின்னலுக்கு 2,887 பேர் பலியானதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது.

இப்போது கலசத்துக்கு வருவோம். கோபுரத்துச் செப்புக் கலசமும் அதிலுள்ள வரகும் சேர்ந்து இடியை இழுத்து ஊரைக் காப்பாற்றும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். செம்பு நல்ல கடத்திதான். ஆனால் இடிதாங்கியின் உயிர் முனையில் இல்லை. முனையிலிருந்து ஈர மண்வரை அறுபடாமல் இறங்கும் செப்புப் பட்டையில் இருக்கிறது. அது இல்லாத கலசத்தில் விழும் மின்னல் செங்கல், சுண்ணாம்பு வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். அவற்றுக்குள் இருக்கும் ஈரம் நொடியில் ஆவியாகி வெடிக்கும். சுதைச் சிற்பங்கள் சிதறுவது அப்படித்தான். கும்பாபிஷேகத் திருப்பணி முடிந்ததும் வர்ணத்தைப் பார்க்கிற கண், அந்தப் பட்டை முழுசாக இருக்கிறதா என்றும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

இடியைத் தெய்வத்தோடு சேர்த்துப் பார்த்த மண் இது. திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலில் 12 ஆண்டுக்கு ஒருமுறை இந்திரன் இடியாக இறங்கி வேதகிரீஸ்வரரை வழிபடுவதாக நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். உயர்ந்த குன்றை மின்னல் தேடி வரும் என்பதை நம் முன்னோர் கண்ணால் கண்டிருந்தார்கள் என்றே அதை எடுத்துக்கொள்கிறேன்.

மலைமேல் மட்டுமல்ல, செஞ்சிக்கு அருகே மேல்மலையனூரிலும் இந்தக் கவலை எனக்கு உண்டு. அமாவாசை இரவு அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு வரும் கூட்டம் திறந்தவெளியில்தான் படுத்துக் கிடக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சிக் கோட்டையும் சேர்ந்துவிட்டதால் இங்கும் கூட்டம் கூடத்தான் செய்யும். டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே அன்றைய இடி எச்சரிக்கையை ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். புனே வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி பக்கத்தில் விழும் மின்னலைக் காட்டுகிறது.

செயலி இல்லாதவருக்கு எண்ணிக்கை போதும். மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் கேட்டுவிட்டால் மலையில் நிற்கக் கூடாது. இறங்கி, மூடிய கட்டடத்துக்குள்ளோ கண்ணாடி ஏற்றிய பேருந்து, காருக்குள்ளோ இருங்கள். புளியமரத்தடி வேண்டாம். கடைசி இடி ஓய்ந்து அரை மணி நேரம் கழித்தே வெளியே வரலாம்.

யாருக்காவது அடிபட்டுவிட்டால் தொடப் பயப்படாதீர்கள். மின்னல் தாக்கியவர் உடம்பில் மின்சாரம் தங்காது. 108ஐ அழைத்துவிட்டு, மூச்சும் நாடியும் இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.