பிள்ளையும் பெரியவரும் ஒரே பாயில்

ஞாயிறு திருப்பலி. நற்செய்தி வாசித்து முடிந்து மறையுரை தொடங்குகிறது. ஒரு சின்னப் பிள்ளை அழுகிறது. முன்னால் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் வேப்பமர நிழலில் நிற்கிறாள். திருப்பலி முடியும்வரை அவள் உள்ளே வருவதில்லை. இதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

நானும் இந்தத் தவறைச் செய்தவன்தான். 2010 ஆம் ஆண்டு, வன்னியில் மீள்குடியேறிய ஒரு கிராமத்தில் தறப்பாள் கொட்டகையில் திருப்பலி ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓடித் திரிந்த ஒரு சிறுவனைக் கண்டு, “பிள்ளையை வெளியில கொண்டுபோங்கோ” என்று சொல்லிவிட்டேன். அடுத்த இரண்டு ஞாயிறும் அந்தத் தாய் வரவில்லை. அவர்களின் கொட்டிலைத் தேடிப் போனேன். அந்தத் தாய் கோபிக்கவில்லை. “பாதர், பங்கருக்குள்ள இருந்த காலம் முழுக்க ‘சத்தம் போடாதை’ எண்டு சொல்லித்தான் இவனை வளர்த்தனான். கோயில்லயும் அதைத்தான் சொல்லவேணுமோ?” என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

திருச்சபை கேட்பது என்ன?

இறைமக்கள் அனைவரும் திருவழிபாட்டில் முழுமையாகவும் உணர்ந்தும் செயல்முறையிலும் பங்குகொள்ள வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 இல் கேட்டுக்கொண்டது. அனைவரும் என்றால் பிள்ளைகளும்தான். பத்து ஆண்டுகளின் பின், 1973 நவம்பரில், சிறுவர் பங்குகொள்ளும் திருப்பலிகளுக்கென உரோமை ஒரு வழிகாட்டி ஏட்டை வெளியிட்டது. பெரியவர்களின் திருப்பலியில் பிள்ளைகளும் கலந்துகொள்ளும்போது செய்யவேண்டியதற்கு அதில் தனி அதிகாரமே உண்டு. பெரியவர்களின் சாட்சியம் பிள்ளைகளை வளர்க்கும். பிள்ளைகளின் பங்கேற்பால் பெரியவர்களும் பயனடைவார்கள் என்பதே அதன் அடிப்படை.

பாஸ்கா விழாவில் பிள்ளை கேள்வி கேட்பதும் பெற்றோர் விளக்கம் சொல்வதும் விவிலியம் காட்டும் வழக்கம். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் ஒரு சிறுவனிடமிருந்தே வந்தன.

நாம் அறிந்த முறை

கமக்காரனுக்கு இது புதிதல்ல. விதைப்பை நாம் வகுப்பில் படிக்கவில்லை. அப்புவின் பின்னால் வரம்பில் நடந்து படித்தோம். தபசு காலத்தில் வியாகுலப் பிரசங்கம் படிப்பவர்களும் அப்படியே. 1742 இல் இறந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் படைப்பு அது. ஆச்சியின் மடியில் இருந்து கேட்டவர்கள் பின்னர் தாங்களே படித்தார்கள். இடம்பெயர்ந்தபோது பல வீடுகளில் புத்தகம் வீட்டோடு போயிற்று. ஆச்சியின் தொண்டையில் இருந்த இராகம் நம்மோடு வந்தது. பிள்ளையை வேப்பமரத்தடிக்கு அனுப்பினால் அந்த இராகத்தை யாரிடம் கொடுப்பது?

செய்யக்கூடியவை

1. முன்னுரையிலோ மறையுரையிலோ குரு சில நிமிடமாவது பிள்ளைகளோடு நேரடியாகப் பேசட்டும்.

2. முன்வரிசையில் பாய் விரியுங்கள். பிள்ளைகளைத் தனியே விடாமல் பெற்றோரும் ஓர் ஆச்சியோ அப்புவோ கூட இருக்கட்டும். நடப்பதைக் காதோடு சொல்லிக் கொடுக்கட்டும்.

3. காணிக்கைப் பவனியில் குடும்பமாக வாருங்கள். ஒரு பிடி நெல்லோ நான்கு வெங்காயமோ பிள்ளையின் கையில் இருக்கட்டும்.

4. மன்றாட்டுகளில் ஒன்றை மூத்தவரும் ஒன்றைப் பிள்ளையும் சொல்லட்டும். காணி திரும்பக் கிடைக்க வேண்டும் என்று தாத்தா மன்றாடும்போது, எந்தக் காணி என்று பேரன் கேட்பான். கதை அங்கே தொடங்கும்.

5. இடைக்கிடை, இறைவாக்கு வழிபாட்டை மறையாசிரியர் அருகில் ஓரிடத்தில் பிள்ளைகளுக்குத் தனியாக நடத்தலாம். நற்கருணை வழிபாடு தொடங்குமுன் அவர்கள் பெரியவர்களிடம் வந்து சேரவேண்டும்.

6. கைக்குழந்தைகளை அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டு, இறுதி ஆசீருக்கு உள்ளே கொண்டுவரலாம். இதையும் அந்த ஏடு அனுமதிக்கிறது. ஆனால் பார்ப்பவர் எப்போதும் தாயாகவே இருக்கவேண்டுமா? தகப்பன்மாரும் இளைஞரும் முறை வைத்துப் பார்க்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. பிள்ளைகளைக் கைதட்டலுக்காக மேடையேற்றாதீர்கள். இது வழிபாடு, கலைவிழா அல்ல. அமைதியும் பிள்ளை கற்கவேண்டியதே. எழுந்தேற்ற நேரத்தில் பெரியவர்கள் உண்மையில் அமைதியாக இருந்தால் பிள்ளை அதைக் கண்டு கற்கும். அதட்டினால் பயத்தை மட்டுமே கற்கும்.

அந்தக் கிராமத்தில் நாங்கள் பாய் விரித்தோம். அந்தச் சிறுவன் காணிக்கை நெல்லை ஏந்தி வந்தான். பாதி வழியில் கொட்டிவிட்டான். பிள்ளைகள் சத்தம் போட்டால் முதலில் திரும்பிப் பார்க்கும் ஒரு பெரியவர் எழுந்து வந்து, குனிந்து, அவனோடு சேர்ந்து அதைப் பொறுக்கினார். எல்லோரும் காத்திருந்தோம். அன்று திருப்பலி ஐந்து நிமிடம் பிந்தியது.

வருகிற ஞாயிறு உங்கள் கோவில் வாசலைப் பாருங்கள். மரத்தடியில் ஒரு தாய் நின்றால், போய் அவரை உள்ளே கூட்டி வாருங்கள்.