இரு பாஷைகளும் மூளையின் திடமும்

வத்திராயிருப்பை அடுத்து, மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில் உள்ளது கூமாப்பட்டி. 2025-ஆம் வருஷத்தில் கைப்பேசிப் படங்களின் மூலம் அதன் பெயர் தமிழ்நாடெங்கும் பரவிற்று. தண்ணீரையும் தென்னந்தோப்பையும் காண ஜனங்கள் திரண்டனர். நாம் நேயர்களை அழைப்பது வேறொரு காட்சிக்கு: திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர்களைக் காண.

உண்டு கை கழுவிய சிறிது நேரத்தில், "எனக்கு இன்னும் சோறு போடவில்லையே" என்று கேட்கும் பாட்டியை எந்த ஊரில்தான் காணவில்லை? வயோதிகத்தின் சுபாவம் என்று வீட்டார் பெருமூச்செறிவதோடு சரி. ஆனால் இது சுபாவமன்று, வியாதி. ஜெர்மன் வைத்தியரான அலாய்ஸ் ஆல்ஸைமர் 1906-ஆம் வருஷத்திலேயே, இவ்வியாதியால் மாண்ட ஒரு மாதின் மூளையில் தாம் கண்ட மாறுதல்களை வைத்தியர் சபையில் எடுத்துரைத்தார். நம் தேசத்தில் அறுபது வயது கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், முதுமை மறதிக்கு ஆளாகியிருப்பதாக 2023-இல் வெளியான ஆராய்ச்சி மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இது அதிகம்.

இங்கே நம் பிரதேசத்தோடு நெருங்கிய ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஹைதராபாத் நிஜாம் வைத்திய விஞ்ஞான ஸ்தாபனத்தில், டாக்டர் சுவர்ணா அல்லாடி அம்மையாரும் அவர் குழுவினரும் 648 நோயாளிகளை ஆராய்ந்தனர். அவர்களில் 391 பேர் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாஷைகள் பேசுவோர். ஒரே பாஷை பேசுவோரைவிட இவர்களுக்கு நாலரை வருஷம் பிந்தியே நோய் தோன்றியிருந்தது. எழுத்தறியாதாரிடமும் இவ்வேற்றுமை காணப்பட்டது என்பதே 2013-இல் வெளியான அம்முடிவின் சிறப்பு. வீட்டில் தெலுங்கும் கடைவீதியில் தமிழும் பேசும் எத்தனையோ குடும்பங்கள் இராஜபாளையத்தில் உண்டு. சென்னை மாகாண முதன்மந்திரியாயிருந்த குமாரசாமி ராஜா அவர்களின் ஊரல்லவா அது!

எனினும் அவசரப்படலாகாது. பிற தேசங்களில் நடந்த சில ஆராய்ச்சிகள் இம்முடிவை உறுதிப்படுத்தவில்லை. ஆகையினால்தான் ஆராய்ச்சி தொடர வேண்டியிருக்கிறது.

அத்தொழிலோ எளிதன்று. டாக்டர் பட்டம் பெற்ற பின்னும் சில வருஷங்கள், நிரந்தரமற்ற உதவிச் சம்பளத்தில் உழைக்கும் இளைஞர்களும் யுவதிகளுமே அதன் பெரும் பாரத்தைச் சுமக்கிறார்கள். கடிகார முகம் வரையச் சொல்லி ஞாபகத்தைச் சோதிப்பது மேனாட்டு வழக்கம். பென்சில் பிடித்தறியாத கிழவியிடம் அதைக் கொடுத்தால், கல்வியின்மையே நோயாகத் தோன்றிவிடும். நம் ஜனங்களுக்கேற்ற சோதனைகளை நாமே வகுக்க வேண்டும். பெங்களூர் இந்திய விஞ்ஞான ஸ்தாபனத்தைச் சார்ந்த மூளை ஆராய்ச்சி நிலையம், கோலார் ஜில்லா ஸ்ரீனிவாசபுரம் தாலுகாவின் கிராம ஜனங்களைப் பல்லாண்டு தொடர்ந்து பரிசோதிக்கும் வேலையை மேற்கொண்டிருக்கிறது. குடியானவர்களின் ரத்தம், ஞாபகசக்தி, மூளையின் படம் ஆகியவை அங்கே ஆராயப்படுகின்றன. அத்தகைய முயற்சி நம் மலையடிவாரங்களுக்கும் வர வேண்டாமா?

அதுவரை வீட்டார் கைகட்டியிருக்க வேண்டியதில்லை. உலகில் இந்நோயில் ஏறக்குறைய 45 சதவிகிதத்தைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ கூடும் என்று 2024-இல் 'லான்ஸெட்' பத்திரிகை அமைத்த நிபுணர் குழு கூறியது. செவிட்டுத்தன்மை, ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, புகைபிடித்தல், தனிமை முதலிய பதினான்கு காரணங்களை அது எடுத்துக் காட்டிற்று. தாத்தாவுக்குக் காது கேட்கவில்லையென்று பேச்சையே நிறுத்திவிடும் குடும்பங்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

இன்னொன்று. மறந்துபோன மாமியாரை இரவும் பகலும் காப்பவள் பெரும்பாலும் மருமகளே. அவளுடைய உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. வாரத்தில் ஒரு நாளேனும் அப்பாரத்தை வீட்டு ஆடவர் ஏற்கட்டும். நோயை மறைக்காமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லட்டும். சுதந்திர பாரதத்தைக் கட்டி வளர்த்த கைகள் இன்று திண்ணையில் நடுங்குகின்றன. அவர்கள் நம்மை மறந்தாலும், நாம் அவர்களை மறக்கலாகாது.