அசையாமல் கிடக்கிறார், ஆனால் காது கேட்கிறது!

கட்டுவிரியன் கடித்த ஒருவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார். கண் மூடியிருக்கிறது. கிள்ளினாலும் முகம் சுளிக்கவில்லை. அவருக்காக ஒரு இயந்திரம் மூச்சு விடுகிறது.

"நினைவே இல்லையே!" என்று பக்கத்தில் நின்று அழுகிறார் மனைவி. அந்த அழுகை அவர் காதில் விழுந்துகொண்டிருக்கலாம்!

ஆச்சரியமாக இருக்கிறதா? கட்டுவிரியன் விஷம் மூளையை மயக்குவதில்லை. நரம்பும் தசையும் சேரும் இடத்தைக் கெடுக்கிறது. இமையைத் தூக்கும் தசை ஓய்ந்துவிடும். பேச முடியாது. பிறகு மூச்சும் நிற்கும். ஆனால் வலி தெரியும், பயம் தெரியும். வெளிச்சம் அடித்தால் கண்பாவைகூடச் சுருங்காமல் போவது உண்டு. அதைப் பார்த்து, "மூளை செத்துவிட்டது" என்று நினைத்துவிடக் கூடாது.

தஞ்சை வட்டாரத்துக் கிராமங்களுக்கு இந்தப் பாம்பு புதிதல்ல. நெல் இருந்தால் எலி வரும். எலி இருந்தால் பாம்பு வரும். இரவில், தரையில் படுத்துத் தூங்குகிறவரைக் கடிக்கும். கடித்த தடம்கூடச் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்பார். இமை சொக்கும். மந்திரிக்கிறவரைத் தேடி ஓடாமல், விஷமுறிவு ஊசி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும். நரம்பு முனை கெட்ட பிறகு ஊசி போட்டால் அது உடனே சரியாகாது. புதிதாக வளர வேண்டும். அதுவரை பல நாள் இயந்திரம்தான் துணை.

தூக்க மருந்து எதற்கு?

இயந்திரத்தின் குழாய் தொண்டை வழியாக மூச்சுக் குழலுக்குள் போகிறது. சோற்றுப் பருக்கை புரை ஏறினாலே நாம் படுகிற பாடு தெரியும்! நோயாளி இருமுவார், திமிறுவார். குழாயைப் பிடுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே வலி தணிக்கும் மருந்தும், அமைதிப்படுத்தும் மருந்தும் ஏற்றுகிறார்கள்.

இதன் பயனை உலகம் கண்டது 1952-ல், டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகனில். அங்கே இளம்பிள்ளை வாதம் பரவியது. மூச்சுத் திணறிய 12 வயதுச் சிறுமிக்கு, இப்சன் என்ற டாக்டர் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்கச் செய்தார். காற்றுப் பையை அமுக்கினார். சிறுமி திமிறினாள், காற்று உள்ளே போகவில்லை. மயக்க மருந்து ஊசி போட்டார். திமிறல் நின்றது, காற்று போயிற்று. சிறுமி பிழைத்தாள்! பிறகு மருத்துவ மாணவர்கள் நூற்றுக்கணக்கில் வந்து, முறைபோட்டுக் கையால் பையை அமுக்கிப் பலரைக் காப்பாற்றினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்த கதை இதுதான்.

அளவு மிஞ்சினால்?

"நன்றாகத் தூங்கட்டும்" என்று மருந்தைக் கொட்டினால் ரத்த அழுத்தம் இறங்கும். சித்தம் கலங்கும். இயந்திரத்தை விட்டு வருவதும் தாமதமாகும். அமெரிக்காவில் சிகாகோ டாக்டர்கள் 128 நோயாளிகளைக் கவனித்து, 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்குத் தினமும் ஒருமுறை மருந்தை நிறுத்தி விழிக்க வைத்தார்கள். அவர்கள் இயந்திரத்தில் இருந்தது சுமார் 5 நாள். மற்றவர்கள் 7 நாள். இப்போது பெரும்பாலும், கூப்பிட்டால் கண் திறக்கும் அளவுக்கே மருந்து தருகிறார்கள். ரண ஜன்னி போன்ற நோய்களில் மட்டும் ஆழ்ந்த தூக்கம் தேவைப்படும். சிறு ஓசை கேட்டாலும் அந்த நோயாளிக்கு உடம்பு வில்லாக வளையும்.

விரியன் கடித்தவரிடம்தான் சிக்கல். அவர் அசையாததால், மருந்து போதுமா என்று பார்த்தவுடன் தெரியாது. நாடி ஏறுகிறதா, வியர்க்கிறதா, கண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

வீட்டார் செய்யக்கூடியதும் உண்டு. குடிப்பழக்கமோ தூக்க மாத்திரைப் பழக்கமோ இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். மருந்தின் அளவு அதைப் பொறுத்தது. கட்டிலருகே நின்று, "பிழைப்பாரா?" என்று கேட்காதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இன்று என்ன கிழமை, வயலில் நடவு முடிந்ததா, பிள்ளை பள்ளிக்கூடம் போனானா என்று சொல்லுங்கள். விரல் நுனி லேசாக அசையத் தொடங்கியதும், "ஆமாம் என்றால் ஒரு தடவை அசை, இல்லை என்றால் இரண்டு தடவை" என்று சொல்லி, முதலில் வலிக்கிறதா என்று கேளுங்கள்.