தே ஓ கலங்குவது ஏன்?

கேமரன் மலையில் தேநீர் சீக்கிரம் ஆறிவிடும். அங்குள்ள தானா ராத்தா ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலிலேயே வெயில் 25 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். இரவில் 15 டிகிரி வாக்கில் இறங்கிவிடும். அங்கே பால் ஊற்றாத தே ஓவைத் திடமாகக் கலந்து, கண்ணாடிக் கிளாசில் ஊற்றி வைத்துப் பாருங்கள். சூடாக இருக்கும்போது, கிளாசுக்கு அந்தப் பக்கம் பிடித்த விரல் செம்பு நிறத்தில் தெளிவாகத் தெரியும். ஆற ஆற விரலின் ஓரம் மங்கும். கடைசியில் ஒரு சொட்டுப் பால் விழுந்த மாதிரி முழுக் கிளாசும் கலங்கிவிடும்.

தூள் மட்டம் என்று தோன்றும். தேயிலையைச் சுவைத்துத் தரம் பிரிப்பவர்களின் கணக்கோ நேர்மாறு: ஆறும்போது பளிச்சென்று கலங்கினால் சாயம் நல்ல திடம். இந்தக் கலங்கலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே 'கிரீம்'தான்.

சூடு குறைந்தால் கரைதிறனும் குறையும் என்று பள்ளியில் படித்ததுதானே? படித்ததுதான். கொதிநீரில் லிட்டருக்கு 600 கிராமுக்கு மேல் கரையும் காஃபீன், 25 டிகிரியில் சுமார் 20 கிராம்தான் கரையும். ஆனால் ஒரு கிளாஸ் தேநீரில் இருப்பதோ சில பத்து மில்லிகிராம். ஆறிய பிறகும் அது தாராளமாகக் கரைந்தே இருக்கலாம். பிறகு எதுதான் கலங்குகிறது?

காஃபீன் தனியாக இல்லை. 1929-இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய 'போ' தேயிலை நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் ஆலைக்குப் போனவர்கள், வாட்டிய கொழுந்தை இயந்திரம் உருட்டி நசுக்குவதைப் பார்த்திருப்பார்கள். நசுங்கிய இலையில் காற்றுப் பட்டதும் தியாஃப்ளேவின், தியாரூபிஜின் என்ற நிறமிகள் உண்டாகின்றன. கறுப்புத் தேநீரின் நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் இவற்றின் கைங்கரியம். கொதிக்கும் சூட்டில் இவையும் காஃபீனும் தனித்தனியாகத் திரியும். ஆறினால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அந்தக் கூட்டணி குளிர்ந்த நீரில் எளிதில் கரையாது. காஃபீன் நீக்கிய தேயிலை குறைவாகக் கலங்குவதும் இதனால்தான். கிளாசை மறுபடி சூடாக்கினால் விரல் திரும்பத் தெரியும்.

கண்டிப்பான வேதியியலாளர் இதைப் படிகம் என்று ஒப்புக்கொள்ளமாட்டார். ஒழுங்காக அடுக்கப்படாத நுண்துகள் திரள் இது. அசல் படிகம் வேண்டுமானால் அதே மலையின் தேனீப் பண்ணைகளில் பாட்டில் வாங்கலாம்.

தேன்கூட்டுக்குள் சூடு ஏறக்குறைய 35 டிகிரி. அந்தக் கதகதப்பில் தேனீக்கள் நீரை வற்றவைத்து, ஈரத்தைப் பதினெட்டு சதவீத அளவுக்குக் கொண்டுவந்துவிடும். அவ்வளவு கொஞ்ச நீர், சாதாரண சூட்டில் அதிலுள்ள குளுக்கோஸ் முழுவதையும் தாங்காது. ஆனாலும் உடனே கைவிடாமல் பிடித்து வைத்திருக்கும். ஒரு மகரந்தத் துகள் கிடைத்தாலும் போதும், அதைச் சுற்றிப் படிகம் கட்டத் தொடங்கிவிடும். இதற்கு மிகவும் தோதான சூடு 14 டிகிரி வாக்கில், கிட்டத்தட்ட அந்த மலையிலுள்ள பிரிஞ்சாங் ஊரின் இரவுக் குளிர். கோலாலம்பூர் அடுக்களையில் நெடுநாள் ஒழுகும் தேன், மலைவீட்டு அலமாரியில் சீக்கிரமே ரவையாகி, 'சீனி கலந்துட்டான்' என்ற பழியை வாங்கிக்கொள்ளும். பாட்டிலை 40 டிகிரி வெந்நீரில் நிறுத்தினால் ரவை கரையும். திரும்ப அதே அலமாரியில் வைத்தால் மறுபடி கட்டும்.