சம்பளம் இல்லாத வேலைக்கு ஏன் போகணும்?

"உயர்தரம் வரைக்கும் படிச்ச புள்ள. ஏதோ சேவை இயக்கமாம், லீவு நாள்ல மண்வெட்டியத் தூக்கிக்கிட்டுப் போறான். அதுக்குப் பேர் விழுமா? கைக்காசாவது குடுப்பாங்களா?"

தோட்டத்துத் தாய்மார் பலர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். நாள் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்களிடம் 'சேவை' என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லி வாயடைக்க முடியாது. ஆகவே, இப்படிப்பட்ட இயக்கங்களில் வேலை செய்கிறவர்கள் யார், யாருக்குச் சம்பளம், யாருக்கு இல்லை, நம் பிள்ளை போனால் என்ன கிடைக்கும், எதில் கவனம் வேண்டும் என்பவற்றைப் பார்ப்போம்.

ஒரு வாத்தியாரும் மாணவர்களும்

நம் நாட்டில் இளைஞர் சேவைக்குப் பெரிய எடுத்துக்காட்டு சர்வோதய சிரமதான இயக்கம். கொழும்பு நாலந்தா கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஏ. ரி. ஆரியரத்ன, 1958ஆம் ஆண்டில் தம் மாணவர்களையும் சக ஆசிரியர்களையும் கூட்டிக்கொண்டு கனத்தொலுவ என்ற கிராமத்துக்குப் போனார். சாதியின் பெயரால் மற்றவர்கள் ஒதுக்கி வைத்த கிராமம் அது. பட்டணத்துப் பிள்ளைகள் அந்த மக்களோடு தங்கி, அவர்களோடு சாப்பிட்டு, சேர்ந்து வேலை செய்தார்கள். 'சிரமம்' என்றால் உழைப்பு. உழைப்பைத் தானம் கொடுப்பது சிரமதானம்.

அன்று தொடங்கியது நாடெங்கும் பரவி, ஆயிரக்கணக்கான கிராமங்களை எட்டியது. ஆரியரத்னவுக்கு 1969இல் மக்சேசே விருது கிடைத்தது. 1972இல் இயக்கம் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் கூட்டிணைக்கப்பட்டது. 1978இல் இளைஞர்களுக்கென்றே 'சாந்தி சேனா' என்ற அமைதிப் படை உருவானது. இந்தப் படைக்குத் துப்பாக்கி கிடையாது. முதலுதவி, அனர்த்த காலத்து உதவி, சண்டை வராமல் தடுப்பது ஆகியவைதான் இவர்கள் பழகும் பாடம். ஆரியரத்ன 2024 ஏப்ரலில் தமது 92ஆவது வயதில் காலமானார்.

யார் யார் வேலை செய்கிறார்கள்?

இத்தகைய இயக்கங்களில் பொதுவாக மூன்று வகை ஆட்கள் இருப்பார்கள்.

முதலாவது, முழுநேர ஊழியர்கள். சர்வோதயத்தின் தலைமையகம் மொறட்டுவையில் இருக்கிறது; மட்டக்களப்பு உட்பட மாவட்டங்களில் நிலையங்கள் உள்ளன. இணைப்பாளர், கணக்காளர், பயிற்சி கொடுப்பவர் போன்றோருக்கு மாதச் சம்பளம் உண்டு. பிரதேச செயலகத்தில் அனுமதி எடுப்பதும், வந்த பணத்துக்குக் கணக்குக் காட்டுவதும் இவர்கள் பொறுப்பு.

இரண்டாவது, சிறு கொடுப்பனவு பெறுகிறவர்கள். முன்பள்ளி ஆசிரியைகள் பலர் இப்படித்தான். ஊரிலேயே பிறந்து, பயிற்சி பெற்று, ஊரிலேயே வேலை செய்கிறவர்கள்.

மூன்றாவது, தொண்டர்கள். இவர்களுக்குச் சம்பளம் இல்லை. ஆனால் இயக்கத்தின் உயிர் இவர்களிடம்தான் இருக்கிறது. முந்திய இரண்டு வகையினரும் இந்த மூன்றாம் வகையினரை ஊருக்கு ஊர் உருவாக்குவதற்காகவே இருக்கிறார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

சிரமதான முகாமில் மண்வெட்டி பிடிப்பதற்கு முன் ஒரு கூட்டம் நடக்கும். 'குடும்பக் கூட்டம்' என்று பெயர். பெரியவர், சிறியவர், ஆண், பெண் எல்லோரும் உட்கார்ந்து, ஊருக்கு முதலில் எது வேண்டும் என்று பேசுவார்கள். வெளியிலிருந்து வந்தவர் முடிவு செய்வதில்லை. ஊரார்தான் முடிவு செய்ய வேண்டும். இது இல்லாவிட்டால் அது வெறும் இலவச வேலையாகிவிடும்.

வாவிக்கரை கற்றுக்கொடுத்த பாடம்

மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளம். கிழக்கே கடலோரம் எழுவான்கரை. மேற்கே வயல்கள் நிறைந்த படுவான்கரை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் மணல்திட்டாகக் கிடந்த நாவலடி அழிந்தது. கல்லடியும் பெரும் சேதம் கண்டது. வெளிநாட்டு உதவி வந்து சேருமுன்பே ஓடி வந்தவர்கள் அக்கம்பக்கத்து ஊர் இளைஞர்கள். உடல்களைத் தூக்கினார்கள், பாடசாலைகளிலும் கோவில்களிலும் தங்கியவர்களுக்குச் சோறு சமைத்தார்கள். யார் சம்பளம் பேசினார்கள்?

ஆனால் நல்ல மனசு மட்டும் போதாது என்பதும் அங்கேதான் தெரிந்தது. கடல் நீர் புகுந்த கிணறுகளைப் பலரும் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். மணல் நிலத்தில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் ஒரு படையாகத்தான் நிற்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறிவிடும். சேற்றை அள்ளிவிட்டு மழைக்காகக் காத்திருப்பதே நல்லது என்று, அந்தக் கரையோரக் கிணறுகளைச் சோதித்த நிலத்தடி நீர் ஆய்வாளர்கள் எடுத்துச் சொன்னார்கள். கை நிறைய ஆள் இருந்தாலும் விஷயம் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் வேண்டும். பயிற்சியும், சம்பளம் பெறும் முழுநேர ஊழியரும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

நம்ம ஆட்களுக்காக வந்தவர்கள்

சேவை என்பது நமக்குப் புதிதும் அல்ல. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் தோட்டங்களை விட்டு ஓடிய குடும்பங்கள் வடக்குக்கும் கிழக்குக்கும் போயின. அவர்களுக்கு வவுனியா முதலிய இடங்களில் குடியேற வழிகாட்டியது 'காந்தியம்' என்ற இயக்கம். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் டொக்டர் எஸ். இராஜசுந்தரமும் அதை நடத்தினார்கள். பயிற்சி பெற்ற இளம் பெண்கள் கிராமங்களுக்குப் போய் முன்பள்ளி நடத்தினார்கள். காடு வெட்டிக் குடியிருந்த நம்மவர் பிள்ளைகள் பலர் அவர்களிடம்தான் முதல் எழுத்துப் படித்தார்கள்.

அந்தச் சேவைக்குக் கொடுத்த விலை பெரிது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். உயிர் தப்பிய டேவிட் மட்டக்களப்புச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டு, அந்த செப்டெம்பரில் அங்கிருந்து தப்பி இந்தியா போனார். முதுமையில் நாடு திரும்பி, 2015இல் கிளிநொச்சியில் காலமானார். நம்மை யாரென்றே தெரியாதவர்கள் நமக்காக உழைத்திருக்கிறார்கள். அதை மறக்கலாகாது.

அனுப்புமுன் கேளுங்கள்

பிள்ளை சேவைக்குப் போனால் நாலு பேர் முன் பேசப் பழகுவான். கணக்கு எழுத, கூட்டம் நடத்த, முதலுதவி செய்யக் கற்பான். மகளும் அப்படித்தான். சிங்கள, முஸ்லிம் பிள்ளைகளோடு கூட்டாளியாவார்கள். பிறகு வேலை தேடும்போது இவை உதவும். ஆனாலும் பெற்றோர் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும்.

இயக்கம் பதிவு செய்யப்பட்டதா? பொறுப்பாளர் யார், எங்கே இருக்கிறார்? பஸ் காசும் சாப்பாடும் யார் தருவது? காயம் பட்டால் யார் பொறுப்பு? பெண் பிள்ளைகள் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார்கள், இரவு தங்கினால் கூட இருக்கும் பெண் பொறுப்பாளர் யார்? சேவை செய்ததற்குக் கடிதம் கொடுப்பார்களா? முறையான இயக்கம் இவற்றுக்கு முகம் சுளிக்காது.

இன்னொன்று. லயத்துக் கூரையை மாற்றுவதும், பெரிய கான் வெட்டுவதும், பாதை போடுவதும் யார் கடமை என்று முதலில் விசாரியுங்கள். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டதால், சபைகள் தோட்டப் பகுதிக்கும் வேலை செய்ய வழி திறந்திருக்கிறது. நிர்வாகமோ சபையோ செய்ய வேண்டியதைப் பிள்ளைகள் தலையில் சும்மா கட்டிவிடுவது சேவை ஆகாது. பீலிக்கரையைச் சுத்தமாக வைத்திருப்பது, சின்னப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுப்பது, தனியாக இருக்கும் பாட்டியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது ஆகியவை நம் கையில் இருக்கும் வேலைகள். சபைக்கு மனு எழுதிக் கொடுப்பதும் சேவைதான். படித்த பிள்ளைக்கு அதைவிட நல்ல வேலை ஏது?

ஆகவே அம்மா, இந்த வேலைக்குப் பேர் விழாது. ஆனால் ஊருக்கு என்ன வேண்டும் என்று ஊரார் கூடித் தீர்மானித்து, விஷயம் தெரிந்தவர் வழிகாட்டினால், உங்கள் பிள்ளையின் ஒரு நாள் வீண் போகாது. அடுத்த லீவு நாளில் பிள்ளைக் காம்பராவில் பத்துப் பேர் கூடிப் பேசிப் பாருங்களேன். மண்வெட்டியை அதற்குப் பிறகு எடுக்கலாம்.